கூடைக்குள் மெக்ஸிகோ

'அந்நியன்' (2005) படத்தில் விக்ரமும் சதாவும் கலர் கலராக ட்யூலிப் பூக்களுக்கு நடுவே ஆடிப் பாடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு, 'சாவதற்குள் ஒரு தடவை ஹாலந்து போய்ப் பூ பார்த்துவிட வேண்டும்' என்று நினைத்தவர்கள் நம்மூரில் ஏராளம். நீங்களும் அவர்களில் ஒருவரா? தப்பில்லை. கூக்கன்ஹாஃப் என்கிற அந்தத் தோட்டம் 1950-ல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. 32 ஹெக்டேர் பரப்பு. வருஷா வருஷம் சுமார் 70 லட்சம் பூங்கிழங்குகளை மண்ணில் கையாலேயே நடுகிறார்கள். மார்ச் மூன்றாவது வாரம் திறந்தால் மே நடுவில் மூடிவிடுவார்கள். அந்த எட்டு வாரக் கூத்துக்குத்தான் உலகமே விசா எடுத்துக்கொண்டு ஓடுகிறது!

ஒரு வேடிக்கை. ஹாலந்தின் அடையாளமாகிவிட்ட ட்யூலிப், ஹாலந்துப் பூவே அல்ல. மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் காட்டுச்செடியாகக் கிடந்து, துருக்கி சுல்தான்களின் தோட்டங்களில் செல்லப்பிள்ளையாக வளர்ந்தது. கார்லஸ் குளூஸியஸ் என்ற தாவர அறிஞர் 1593-ல் லைடன் நகரத்துத் தோட்டத்தில் அதை நட்டார். அடுத்த நாற்பத்து சொச்சம் வருஷத்துக்குள் அந்த ஊர்க்காரர்களுக்குப் பூப்பைத்தியமே பிடித்துவிட்டது. ஒரே ஒரு கிழங்குக்கு வீட்டு விலை பேசினார்கள். 1637 பிப்ரவரியில் பலூன் வெடித்தது. வாங்க ஆளில்லை. வந்தேறிப் பூவுக்கு வந்த வாழ்வு!

சரி, நம்மூருக்கு வருவோம். கூக்கன்ஹாஃப் கதவு திறக்கிற அதே சமயத்தில், திருச்சிக்கு வடக்கே 15 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மலர்க்காட்சி அமர்க்களப்படும். டிக்கெட் வாங்க வேண்டாம், விசாவும் வேண்டாம். சமயபுரம் மாரியம்மன் கோயில் பூச்சொரிதல்!

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆரம்பம். அன்றிலிருந்து 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். எங்கேயும் பக்தன்தான் சாமிக்காகப் பட்டினி கிடப்பான். இங்கே தலைகீழ்! பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், கரும்பு, இளநீர்... அவ்வளவுதான். மகிஷனை வதம் செய்த உக்கிரம் தணிய வேண்டாமா? அதற்குத்தான் பூ. தெருவுக்கு ஒரு வண்டி, சங்கத்துக்கு ஒரு வண்டி என்று சீரியல் லைட் போட்டு, மேளம் கொட்டி, திருச்சி வட்டாரமே கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டும். ஞாயிறு காலையில் தொடங்கினால் ராத்திரியெல்லாம் நடக்கும். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் தொடரும்.

இப்போது, கொட்டுவதற்கு முன்னால் அந்தக் கூடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

மேலாக, மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பந்து பந்தாக இருப்பது துலுக்கச் சாமந்தி. பெயரைக் கேட்டால் துருக்கியிலிருந்து வந்தது போலிருக்கும். ஆங்கிலத்தில் ஒரு ரகத்தைப் 'பிரெஞ்சு மாரிகோல்ட்' என்கிறார்கள், இன்னொன்றை 'ஆப்பிரிக்கன் மாரிகோல்ட்' என்கிறார்கள். மூன்றுமே பொய்! அதன் சொந்த ஊர் மெக்ஸிகோ. அஸ்டெக் மக்கள் அதைப் புனிதப் பூவாக வைத்திருந்தார்கள். இன்றைக்கும் மெக்ஸிகோவில் நவம்பர் மாதம் இறந்தவர்களை வரவேற்கும் திருநாளில் கல்லறை முழுக்க இந்தப் பூதான். ஸ்பானியர்கள் 1521-ல் அஸ்டெக் தலைநகரைத் தரைமட்டமாக்கினார்கள். ராஜ்ஜியம் போனது, பூ மட்டும் கப்பல் ஏறித் தப்பித்தது. (துலுக்கச் சாமந்தி என்றதும் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் துலுக்க நாச்சியார் நினைவுக்கு வருவார். ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே அவருக்குச் சந்நிதி உண்டு, நைவேத்தியம் ரொட்டி! வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை.)

அதற்கு அடியில் வெள்ளை வெளேரென்று சம்பங்கி. இதுவாவது நம்மூர்? ம்ஹூம்! இதுவும் மெக்ஸிகோதான். அஸ்டெக் மொழியில் இதற்கு 'எலும்புப் பூ' என்று பெயர். அந்த வெண்மைக்காகத்தான். நிஜமான சண்பகம் மரத்தில் பூக்கும். அதன் பெயரைக் கடன் வாங்கி, மண்ணில் முளைக்கிற இதை 'நிலச்சம்பங்கி' என்றார்கள் நம் ஆட்கள். பிறகு 'நில'வும் உதிர்ந்துவிட்டது. பன்னீர் ரோஜா பாரசீகத்துப் பக்கமிருந்து வந்த விருந்தாளி. சிவனுக்கு விசேஷம் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நாகலிங்கப் பூவின் மரம், தென்னமெரிக்கக் காட்டு மரம்! கூடையில் அக்மார்க் சொந்தக்காரர்கள் யார் என்றால் மல்லி, முல்லை, தாமரை, மரிக்கொழுந்து...

ஆக, ராஜராஜ சோழன் துலுக்கச் சாமந்தியைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் கழுத்தில் சம்பங்கி மாலை விழுந்ததும் இல்லை. சரித்திர சினிமாவில் சோழன் ஊர்வலம் போகும் தெருவெல்லாம் ஆரஞ்சுத் தோரணம் தொங்கினால், ஆர்ட் டைரக்டர் 500 வருஷம் முந்திவிட்டார் என்று அர்த்தம்.

செவ்வந்தியைச் சொல்லாமல் விட்டேனே என்கிறீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். செவ்வந்தியை ஆதியில் தோட்டப்பூவாக வளர்த்தவர்கள் சீனர்கள். அதற்கும் திருச்சிக்கும் ஒரு பழைய சங்கதி இருக்கிறது. மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே பெயர். தலபுராணம் என்ன சொல்கிறது தெரியுமா? சாரமா முனிவர் என்பவர் நாகலோகத்துக்குப் போய்ச் செவ்வந்திச் செடி கொண்டுவந்து, இங்கே நந்தவனம் வைத்தாராம். கவனியுங்கள்... புராணமே இதை 'வெளியூர்ச் செடி' என்று ஒப்புக்கொள்கிறது! பூ வியாபாரி ஒருவன் அந்தப் பூவைத் திருடி ராஜாவிடம் கொடுத்தான். ராஜாவுக்கு ஆசை விடவில்லை, தினமும் கொண்டுவரச் சொன்னான். முனிவர் நியாயம் கேட்டுப் போனபோது கண்டுகொள்ளவில்லை. முனிவர் சிவனிடம் அழுதார். கிழக்கே பார்த்திருந்த சிவன் மேற்கே திரும்பி, சோழன் தலைநகர் உறையூர் மேல் மண்மாரி பொழியவிட்டார். வீடிழந்த ஜனங்கள் வெக்காளியம்மனிடம் ஓடினார்கள். அவர்களுக்குக் கூரை கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம் என்று அவள் இன்றுவரை திறந்தவெளியில் இருக்கிறாள். திருடிய பூவுக்காக ஒரு தலைநகரமே போனது என்று ஹாலந்தில்கூடக் கதை கிடையாது.

இனி உங்கள் பயணத்திட்டம். மாசிக் கடைசி ஞாயிறு பெரும்பாலும் மார்ச் இரண்டாவது வாரத்தில் வரும். முதல் நாளே போய்விடுங்கள். விடியற்காலையில் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தை. எட்டரை, கோப்பு, போசம்பட்டிப் பக்கத்து மல்லியும் ரோஜாவும் வந்து இறங்கும். பண்டிகை நேரமாச்சே, விலையைக் கேட்டு மயங்கி விழாதீர்கள்! தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துக் கைங்கர்யம் செய்த ஊர் இது. உங்கள் பங்குக்கு ஒரு கூடை வாங்கிக்கொண்டு சமயபுரம் பஸ் ஏறுங்கள்.

அம்மனைப் பார்த்த பிறகு உடனே திரும்ப வேண்டாம். அந்த ஊருக்குப் பழைய பெயர் கண்ணனூர். 1231-ல் மூன்றாம் ராஜராஜ சோழனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைப்பிடித்தபோது, கன்னட தேசத்திலிருந்து படையோடு வந்து மீட்டவன் ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன். உதவிக்கு வந்தவர்களுக்குக் காவிரித் தண்ணீர் ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. மகன் சோமேஸ்வரன் கண்ணனூரிலேயே தலைநகரம் அமைத்து உட்கார்ந்துவிட்டான். அங்கே சிவனுக்கு ஒரு கோயிலும் கட்டினான். ஹொய்சளர்களைத் தமிழில் போசளர் என்பார்கள். போசளீஸ்வரர் என்ற பெயர் நம் வாயில் தேய்ந்து போஜீஸ்வரர் ஆகிவிட்டது. அம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். பூச்சொரிதல் அன்றைக்குக்கூட அங்கே அவ்வளவாகக் கூட்டம் இருக்காது.