துணிவு கேட்கவும் அஞ்சிய பேராயர்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைக் கடந்து போகிறவர்கள் ஏராளம். அங்குள்ள நினைவுச் சின்னத்தை நின்று படிப்பவர்கள் குறைவு. ‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிவந்த அந்த மூன்றரை ஆண்டுகளில், அதே இடத்தில் இருந்த பழைய கட்டடம் கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீசின் கிழக்கு வட்டாரத் தலைமையகமாக இருந்தது. அந்தக் கட்டடத்தை 1981இல் இடித்துவிட்டார்கள். அதன் அறைகளில் அடைபட்டுக் கிடந்தவர்களுள் ஒருவர் ஜான் லெனார்ட் வில்சன், சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர்.

வில்சன் சிங்கப்பூரின் பேராயராக அபிஷேகம் பெற்றது 1941 ஜூலையில். ஏழே மாதங்களில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. மற்ற வெள்ளைக்காரர்களைச் சாங்கிக்கு அனுப்பிய பிறகும் அவரை ஓராண்டு வெளியே நடமாட விட்டார்கள். அதற்குக் காரணம், சமய, கல்விப் பொறுப்பில் இருந்த ஒகாவா என்ற ஜப்பானிய அதிகாரி. அவரும் ஓர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். எதிரி நாட்டுக்காரர் ஒருவர் காட்டிய இந்தப் பரிவை வில்சன் பிற்காலத்திலும் மறக்கவில்லை.

1943 மார்ச்சில் அவருக்கும் சிறைவாசம் வந்தது. அதன்பின் திருச்சபைக் காரியங்களை உள்ளூர்க் குருமார்கள் சுமந்தார்கள். அவர்களில் முன்நின்றவர் கல்வியாளரான டி. டி. செல்லையா. வெள்ளைக்காரப் பாதிரிமார் இல்லாவிட்டால் கோயில் நடக்காது என்ற எண்ணத்தைப் பொய்யாக்கியவர் ஒரு தமிழர் என்பது நம்மவர்களே அதிகம் பேசாத செய்தி.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்தன. ‘கிரைட்’ என்ற சிறிய மீன்பிடிப் படகில் வந்த ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களில் ஆறு பேர், மூன்று தோணிகளில் இரவோடு இரவாகப் போய் வெடிகளைப் பொருத்தித் திரும்பியிருந்தார்கள். கெம்பெத்தாய் இதை நம்பவில்லை. சாங்கிச் சிறையில் இருந்தவர்கள் இரகசிய வானொலி வைத்துத் திட்டம் தீட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டியது. அக்டோபர் 10ஆம் தேதி சிறையைச் சோதனை போட்டார்கள். அடுத்தடுத்துப் பிடித்துச் செல்லப்பட்ட 57 பேரில் 15 பேர் உயிரோடு திரும்பவில்லை.

வில்சனைக் கொண்டுபோனது அக்டோபர் 17ஆம் தேதி. சிறைவாசிகளின் உணவுக்காக வெளியிலிருந்து பணம் பெற்றுத் தந்தவர் என்பதால் அவர்மீது சந்தேகம் பலமாக விழுந்தது. தொடர்ந்து விசாரணை, மணிக்கணக்கில் சித்திரவதை. ஒரு நாள் மேசையில் கட்டி இருநூறு அடிகளுக்கு மேல் அடித்தார்கள்.

இங்கேதான் அவருடைய சாட்சியம் மற்ற வீரக் கதைகளிலிருந்து விலகி நிற்கிறது. 1946 அக்டோபரில் பிபிசி வானொலியில் பேசியபோது அவர் தமது அச்சத்தை மறைக்கவே இல்லை. முதல் அடிக்குப் பிறகு, துணிவு கொடு என்று ஜெபிக்கவே பயமாக இருந்ததாம். கேட்ட துணிவு கிடைத்துவிட்டால் அதைக் காட்டுவதற்கு இன்னோர் அடியும் வந்து சேருமே என்ற பயம்! ஒரு பேராயர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமா? வந்தது. வாய் கேட்க அஞ்சியதை உள்ளம் சொல்லாமலே கேட்டுக்கொண்டிருந்தது என்றும் அவர் அதே பேச்சில் சொன்னார்.

அடித்தவர்களில் ஒருவன், நீ இன்னமும் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டான். நம்புகிறேன் என்றார். அப்படியானால் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை? வலியை எடுத்துவிட்டுக் காப்பாற்றவில்லை, அதைத் தாங்கும் மனத்தைத் தந்து காப்பாற்றுகிறார் என்பதே அவர் பதிலின் சாரம்.

மன்னிப்பு அதைவிடக் கடினமாக இருந்தது. சிலுவையில் இயேசு சொன்ன மன்னிப்பின் வார்த்தையைத் தாம் எடுத்துச் சொல்வதற்கே அவருக்குத் தயக்கம். சுற்றி நின்ற முகங்களோ வெறுப்பால் இறுகியிருந்தன. அந்த முகங்கள் குழந்தைப் பருவத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தொடங்கினார். சிறு பிள்ளைகளை வெறுப்பது கடினம் அல்லவா? அதுவும் போதாதபோது, கடவுள் அருளால் அவர்கள் மாறினால் எப்படி இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தார்.

அறையில் சீனர் உட்படப் பல இனத்தவர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பேசக் கூடாது, இரவிலும் விளக்கு அணையாது. குடிக்கவும் கழுவவும் கழிவறைத் தொட்டித் தண்ணீர்தான். காவலர் கவனிக்காத நேரம் பார்த்து, கேட்டுக்கொண்ட ஒரு சீன இளைஞருக்கு அந்தத் தண்ணீரிலேயே வில்சன் ஞானஸ்நானம் கொடுத்தார். சூரியன் உதிக்கும் வேளையில் பழைய கீதம் ஒன்றைப் பாடித்தான் அவர் நாளைத் தொடங்கினார். 1944 மே மாதத்தில் சாங்கிக்குத் திரும்பும்வரை இப்படியே கழிந்தது.

அதே காலத்தில் அங்கே ஏறக்குறைய 200 நாள்கள் சித்திரவதைப்பட்ட எலிசபெத் சோய், அதே ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த ஆசிரியை. சிறைவாசிகளுக்கு உணவும் பணமும் சேர்ப்பித்தார் என்பது அவர்மீது குற்றச்சாட்டு. போர் முடிந்தபின், தம்மை வதைத்தவர்களில் யாருக்கு மரண தண்டனை கொடுக்கலாம் என்று கேட்டபோது அவர் எவரையும் கைகாட்டவில்லை. போர்தான் தீயது என்றார். 1946இல் நடந்த விசாரணையில் 21 பேர் நிறுத்தப்பட்டு, எட்டுப் பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. அதற்குக் காரணம் இருந்தது. 15 பேரின் சாவுக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும்!

தம்மை அடித்தவர்களில் ஒருவர் போருக்குப் பின் கிறிஸ்தவராகித் தம் முன்னால் மண்டியிட, அவருக்குத் திடப்படுத்தல் வழங்கும் வாய்ப்பு வில்சனுக்கு வந்தது. பின்னர் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பேராயராக இருந்து 1970இல் அவர் காலமானார்.

1998 ஆகஸ்ட் 6ஆம் தேதி, உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாட்டில், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாளில் நடந்த வழிபாட்டுக்கு ஒரு பெண் குருவைப் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள். அவர் பெயர் சூசன் கோல்-கிங், வில்சனின் மகள். அழைத்தவர்கள் ஜப்பானியப் பேராயர்கள்.