பிங்: ஒரு சின்ன சத்தத்தின் நூறு வருஷக் கதை

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டாக்டர்"
"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது"
"வயிறு கடமுடன்னு சத்தம் போடுது"

இப்படி நோயைச் சத்தத்தால் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்திலும் இந்த மாதிரி ஒலிக்குறிப்புச் சொற்கள் நிறைய உண்டு. அதில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

பிங்.

ஒரே ஒரு அசை. ஆனால் துப்பாக்கியிலிருந்து கர்ப்பப்பை வரைக்கும் பயணம் செய்த சொல் இது. இழை கொஞ்சம் நீளம். கடைசி வரை படியுங்கள்.

1/
முதலில் இது துப்பாக்கிக் குண்டின் சத்தம். குண்டு காற்றைக் கிழித்துப் போய் உலோகத்தில் படும்போது வரும் கூர்மையான ஓசை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதைக் காதில் கேட்டபடியே எழுத்தாக்கினார்கள்.

2/
அடுத்து விளையாட்டு. சாப்பாட்டு மேசை மேல் செல்லுலாய்டு பந்தை அடித்து ஆடினார்கள். தோல் கட்டிய மட்டையில் பட்டால் ஒரு சத்தம், மேசையில் பட்டால் இன்னொரு சத்தம். அதுதான் பிங் பாங். 1901 வாக்கில் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் இந்தப் பெயரை வணிகமுத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. மற்றவர்கள் டேபிள் டென்னிஸ் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

1971இல் அமெரிக்க டேபிள் டென்னிஸ் அணி சீனாவுக்குப் போனது. மறு வருடம் அதிபர் நிக்சனே போனார். "பிங் பாங் ராஜதந்திரம்" என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

மருத்துவத்திலும் இந்தப் பந்து உண்டு. பச்சிளம் குழந்தையின் மண்டை ஓடு மென்மையானது. அதில் அழுத்தம் பட்டால் சில நேரம் உடையாமல் உள்வாங்கிப் போகும், பந்தில் கட்டைவிரலால் அமுக்கின மாதிரி. அதற்கு எங்கள் பாடப்புத்தகத்திலேயே பிங் பாங் எலும்பு முறிவு என்றுதான் பெயர்.

3/
அப்புறம் கார். பெட்ரோல் என்ஜினில் எரிபொருள் நேரம் தவறி வெடித்தால் உள்ளே டிக் டிக்கென்று தட்டும். அமெரிக்கர்கள் அதையும் பிங் என்பார்கள்.

அந்தச் சத்தத்தை நிறுத்த 1921இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்ரோலில் ஈயம் கலப்பது. சத்தம் நின்றது. ஆனால் 1924இல் நியூ ஜெர்சியில் அந்த ஈயக் கலவையைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் சித்தம் கலங்கிப்போய் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகும் உலகம் முழுக்க வண்டிகள் ஈயப் புகையைக் கக்கிக்கொண்டுதான் இருந்தன. இந்தியாவில் அது நிற்க 2000 ஆனது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

குழந்தைகளின் மூளைக்கு "இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை" என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. ஒரு என்ஜின் சத்தத்தை அடக்க எத்தனை தலைமுறைக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள் பாருங்கள்.

4/
இனிதான் முக்கியமான பிங்.

1912இல் டைட்டானிக் மூழ்கியது. தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்று பலரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தத் தேவையை அவசரமாக்கின. பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின் குவார்ட்ஸ் படிகத்தை மின்சாரத்தால் அதிரவைத்து, அந்த ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பினார். அது எதிலாவது பட்டுத் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சோனார் இப்படித்தான் பிறந்தது.

கணக்கு எளிது. கடல் நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி 2 நொடியில் வந்தால் பொருள் 1500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. போக ஒரு நொடி, வர ஒரு நொடி.

இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக்குள் இருந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்ட சத்தம் இந்த பிங். மேலே இருக்கும் எதிரிக் கப்பல் நம்மைத் தேடுகிறது என்று அதற்கு அர்த்தம்.

5/
போர் முடிந்தது. அதே தத்துவத்தை வைத்து உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவிகள் வந்தன.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயான் டொனால்டு என்றொரு மகப்பேறு பேராசிரியர். போரின்போது விமானப்படையில் டாக்டராக இருந்தவர், ரேடார், சோனார் பற்றித் தெரிந்தவர். "இரும்புக்குள் விரிசலைப் பார்க்க முடிகிறதென்றால் வயிற்றுக்குள் கட்டியைப் பார்க்க முடியாதா?" என்று யோசித்தார்.

1955 ஜூலையில் ஒரு நாள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் கொடுத்தார்களாம். நீர்க்கட்டி ஒரு மாதிரியும் சதைக்கட்டி வேறு மாதிரியும் எதிரொலி கொடுத்தன.

அப்புறம் டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் ஜான் மெக்விகார் என்ற டாக்டரும் சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பெண் வந்தார். வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. முற்றிய இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டவர். இவர்கள் கருவியை வைத்துப் பார்த்தால், உள்ளே பெரிய சினைப்பை நீர்க்கட்டி! அறுவை செய்து எடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

1958 ஜூன் மாதம் லான்செட் இதழில் மூவரின் கட்டுரை வந்தது. இன்று நம்ம ஊர் ஸ்கேன் சென்டரில் ஜெல் தடவி வைக்கும் புரோபுக்குத் தாத்தா அந்தக் கருவிதான்.

கணக்கும் அதேதான். உடல் திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். கிட்டத்தட்ட கடல் நீரின் வேகம். 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும் குழந்தையின் மேல் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் சுமார் எட்டாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதிர்வெண் மிக அதிகம் என்பதால் அந்த பிங் நம் காதுக்கு மட்டும் கேட்காது.

6/
1983 டிசம்பர். அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ், இன்னொரு கம்ப்யூட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினார். "இருக்கியா?" என்று கேட்கும், "இருக்கேன்" என்று பதில் வர எத்தனை மில்லிநொடி ஆனது என்று சொல்லும். சோனார் சத்தத்தை நினைத்து அதற்கு பிங் என்று பெயர் வைத்தார். இது ஏதோ பெரிய ஆங்கிலப் பெயரின் சுருக்கம் என்று பலர் விரிவாக்கம் சொல்வார்கள். பெயர் வைத்தவரே சோனார்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஆபீஸில் "ஃப்ரீயானதும் பிங் பண்ணுங்க" என்கிறோம் இல்லையா, அது இந்த வழியில் வந்தது.

7/
சரி, ஒரு டாக்டர் எதற்கு இதை இழுத்து இழுத்துச் சொல்கிறார்?

பிங் என்பது ஒரு கேள்வி. என்ன கேட்கிறோம், பதிலை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம். நீர்மூழ்கியைத் தேடியவர்கள் கொல்வதற்காகக் கேட்டார்கள். டொனால்டு காப்பாற்றுவதற்காகக் கேட்டார். அவர் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவரும்கூட.

அவர் கருவியின் வழி வந்த ஸ்கேனை வைத்து நம் நாட்டில் பலர் என்ன கேட்டார்கள்? "பொண்ணா, பையனா?"

இந்தியாவில் 6 வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 1991இல் 945 பெண்கள் இருந்தார்கள். 2001இல் 927. 2011இல் 918. இந்தக் குறைவுக்குப் பிறந்த பின் பெண் குழந்தையைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு காரணம். கருவிலேயே கண்டுபிடித்துக் கலைத்தது பெரிய காரணம்.

அதனால்தான் 1994இல் சட்டம் வந்தது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்தால் டாக்டருக்கு 3 ஆண்டு வரை சிறை. கேட்டு வருபவருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். குடும்பத்தாரால் கட்டாயப்படுத்தப்பட்ட கர்ப்பிணிக்குத் தண்டனை கிடையாது.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண்ணை ஐந்தாம் மாத ஸ்கேனுக்குக் கூட்டிப் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள்:

குழந்தையின் இதயம் நான்கு அறையும் சரியா இருக்கா?
முதுகுத்தண்டு மூடியிருக்கா?
நச்சுக்கொடி எங்கே இருக்கு, கீழே இறங்கியிருக்கா?
பனிக்குட நீர் போதுமா?

தாயையும் குழந்தையையும் காப்பாற்றும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தமில்லாத பிங்கிடம் பதில் இருக்கிறது.

பொண்ணா பையனான்னு பிரசவ அறையில் நர்ஸம்மா சொல்லுவாங்க. அதுவரை காத்திருப்போம்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு இந்த இழையை அனுப்புங்கள்.