ஓராண்டு அணைகள்: சித்தூர், திருப்பதிச் சீமையின் கொரம்புகள்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் ஆறுகளில் ஆண்டின் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரிவது மணலே. தேவாரம் பொன்முகலி என்று குறிக்கும் சொர்ணமுகியும், ஆரணியாறும், குசஸ்தலையும், குப்பம் பகுதியைக் கடந்து போகும் பாலாறும் வடகிழக்குப் பருவமழையில் சில நாள் கரைபுரண்டுவிட்டு, பிறகு மணலுக்கு அடியில் இறங்கிவிடுபவை. எனவே இச்சீமையின் பாசன வரலாற்றைப் பெரிய கல்லணைகளை வைத்து எழுதினால் பாதிக்கு மேல் விடுபட்டுப்போகும். அந்தப் பாதி, ஆண்டுதோறும் கட்டப்பட்டு ஆண்டுதோறும் அடித்துச் செல்லப்பட்ட கொரம்புகளையும் ஊற்றுக்கால்களையும் பற்றியது.

கொரம்பு என்பது ஆற்றுப் படுகையில் குறுக்காக எழுப்பப்படும் தற்காலிகத் தடுப்பு. முளைகளை வரிசையாக அடித்து, இடையே தழையும் நாணலும் செருகி, களிமண் பூசி, இருபுறமும் மணல் அணைத்து, ஓடுகிற கொஞ்சநஞ்ச நீரையும் கால்வாய் வாய்க்குத் திருப்புவார்கள். பெருவெள்ளம் வந்தால் எதிர்த்து நிற்காமல் உடைந்து வழிவிட வேண்டும் என்பதற்காகவே அது தாழ்வாகவும் நெகிழ்வாகவும் அமைக்கப்பட்டது. ஊற்றுக்கால் என்பதோ மேல்நீரே இல்லாத காலத்துக்கான ஏற்பாடு: படுகையின் சரிவைவிடக் குறைந்த சரிவில் மணலைக் கீறி ஒரு நீண்ட பள்ளம் தோண்டினால், மேல்முனையில் மணலுக்கு அடியில் கசியும் நீர் அதில் ஊறி, கீழே போகப் போகப் படுகை மட்டத்துக்கு ஏறிவந்து, ஒரு கட்டத்தில் கரையேறி ஏரிக்கோ வயலுக்கோ பாயும். இரண்டையும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பின்னும் மறுபடி தொடங்க வேண்டும்.

வறட்சியில்தான் இவ்வேலையின் நுட்பமும் சச்சரவும் ஒருசேர வெளிப்பட்டன. மணலடி நீர் கீழிறங்க இறங்க, ஊற்றுக்காலை ஆழப்படுத்துவதோடு அதன் மேல்முனையை ஆற்றின் எதிர்த்திசையில் நீட்டவும் வேண்டும். நீட்டிக்கொண்டே போனால் மேலூர் எல்லை வந்துவிடும். கீழூர்க் காலின் தலைப்பு மேலூர்ப் படுகையில் கிடக்க, மேலூரார் அதற்கும் மேலே ஒரு கொரம்பு போட்டால், கீழூரின் நஞ்சை கருகும். ஆகவே மண்வெட்டி இறங்குமுன் பேச்சு நடந்தாக வேண்டும்: எந்த இடத்தில், எவ்வளவு உயரம், களிமண் பூசலாமா அல்லது கசிவுக்கு இடம்விட்டு வெறும் தழையும் மணலும்தானா, எத்தனை நாளைக்கு ஒருமுறை கீழூருக்குத் திறந்துவிடுவது என்பவையெல்லாம் அப்பேச்சின் பொருள்கள். ஊர்த்தலைவரான ரெட்டியும் கணக்கரான கர்ணமும் பேசி முடித்த பிறகு, ஆயக்கட்டில் அவரவர்க்குள்ள நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பச் சொல்வதும், கட்டிய கொரம்பைக் காவல் காப்பதும், நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதும் தெலுங்கில் நீருகண்டி எனப்படும் நீர்க்கட்டியின் பொறுப்பு. அவருக்குக் களத்தில் தானியமாகக் கூலி அளக்கப்பட்டது.

இந்தக் கூட்டுழைப்புக்குக் குடிமராமத்து என்று பெயர். பெரிய அளவில் முதலீடு தேவைப்பட்டபோது கோயில் முன்வந்ததும் இச்சீமையின் சிறப்பு: விஜயநகரக் காலத்தில் திருமலைக் கோயிலுக்குப் பக்தர்கள் அளித்த பொன்னைக் கோயிற் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவிட்டு, அதனால் கூடிய விளைச்சலிலிருந்து அவர்கள் பெயரால் அமுதுபடி நடத்திய ஏற்பாட்டைக் கல்வெட்டுகள் விரிவாகக் காட்டுகின்றன. கொரம்புக்கு அத்தகைய சாசனம் கிடைப்பது அரிது. ஓராண்டில் கரைந்துவிடுவதற்கு யார் கல்லில் எழுதுவார்கள்?

கும்பினி ஆட்சி இவ்வழக்கத்தை விலக்கவுமில்லை, முழுமையாக ஏற்கவுமில்லை. 1858ஆம் ஆண்டின் சென்னை முதலாவது சட்டம், ஏரி, ஆற்றங்கரை உடைப்புக் காலங்களில் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அதிகாரிகளுக்கு உரிமை தந்ததோடு, வழக்கப்படி தான் தர வேண்டிய பாசன உழைப்பைத் தராதவர் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றும் விதித்தது. பிற்காலத்தில் குடிமராமத்தை விரிவான சட்டமாக்க எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. பாசன வழக்கங்களை மாமூல்நாமா என்ற பதிவேடுகளில் எழுதிவைத்ததும், 1905ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டத்தின் வழி ஆற்றுப் படுகைகளை அரசின் சொத்தாக அறிவித்ததும், ஊர்கள் தமக்குள் கொடுத்து வாங்கிய இசைவை மெல்ல மெல்ல கலெக்டர் கச்சேரிக்கு இடம்மாற்றின. பதிவேட்டால் நன்மையும் உண்டு, எளிய ஊர் தன் உரிமையை எழுத்தில் காட்ட முடிந்தது; ஆனால் மழைக்குத் தக்கபடி ஆண்டுதோறும் மாறிவந்த ஓர் ஏற்பாடு, எழுதப்பட்ட ஆண்டின் நிலையிலேயே உறைந்தும் போயிற்று.

மணலடி நீரை நம்பிய ஊற்றுக்கால்களை ஒழித்தவை சட்டங்கள் அல்ல. விடுதலைக்குப் பின் பரவிய மின்மோட்டார்கள் கரையோரக் கிணறுகளிலிருந்தும், அடுத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும், அதே மணலடி நீரைத் தனித்தனியே இறைக்கத் தொடங்கியதும் ஊற்றுக்கால்கள் வறண்டன. கட்டடங்களுக்காக மணலும் அள்ளப்பட்டது. 2002இல் ஆந்திரம் இயற்றிய நீர், நிலம், மரங்கள் சட்டம், பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 250 மீட்டருக்குள் அனுமதியின்றிக் கிணறு தோண்டுவதைத் தடுத்து, மணல் அள்ளுவதற்கும் வரம்பு கட்டியது. கூடிக் கட்டவேண்டிய தேவையே இல்லாமற்போன இடத்தில், அனுமதி என்பது தனியொருவருக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான தாளாக மட்டும் எஞ்சியது.

கொரம்பின் இடத்தைக் காங்கிரீட் தடுப்பணை பிடித்தபோது இசைவின் தன்மையே மாறிற்று. ஓராண்டுக் கட்டுமானத்தைப் பற்றிய பூசலை அடுத்த வெள்ளம் கரைத்துவிடும். தோற்றவருக்கும் மறு ஆண்டு பேச வாய்ப்புண்டு. நிலையான சுவருக்கு ஒருமுறை இசைந்தால் இசைந்ததுதான். பாலாறு இதற்குச் சான்று. நந்தி மலையில் தோன்றும் அந்த ஆறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் ஓடுகிறது. 1892இல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட உடன்படிக்கை, அட்டவணையில் கண்ட பாலாறு முதலிய 15 ஆறுகளில் சென்னையின் முன்இசைவின்றி மைசூர் புதிய பாசன நீர்த்தேக்கம் எழுப்பலாகாது என்றது. மைசூர் முழு விவரமும் தர வேண்டும். கீழ்ப்பகுதியார் நெடுநாள் அனுபவத்தால் பெற்ற உரிமையைக் காப்பதற்கன்றிச் சென்னை மறுக்கலாகாது. கிராமங்கள் கொரம்புக்குப் பேசிய நெறியே இரு அரசுகளின் மொழியில் எழுதப்பட்டது போல இவ்விதிகள் தோன்றுவது தற்செயலாக இராது.

அப்போது குப்பம் இருந்தது வட ஆற்காட்டின் கங்குந்தி ஜமீனில், அதாவது அந்த உடன்படிக்கை காத்த கீழ்ப்பகுதியில். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகி, 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தபோது, ஆறு தன் போக்கை மாற்றாமலேயே குப்பம் தமிழ்நாட்டுக்கு மேல்பகுதியாயிற்று. அங்கே கணேசபுரத்தில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு 2006இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2016இல் எல்லையோரத்தில் பெரும்பள்ளம் என்னுமிடத்தில் 5 அடித் தடுப்பணை 12 அடியாக உயர்த்தப்பட்டபோது மீண்டும் நீதிமன்றத்தை நாடியது. 1892இன் உடன்படிக்கையைத் தமிழ்நாடு இப்போது எடுத்துக்காட்டுவது குப்பத்துக்கு எதிராக.