தென்சீமைக் காய்ச்சலும் தமிழ் மருந்தும்: ஒயிட்லா எய்ன்ஸ்லியின் மருத்துவ ஆய்வுகள்

முன்னுரை

இன்றைய தென்காசி மாவட்டம் 2019ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பொதிகை மலையை அகத்தியரோடும் சித்த மருத்துவத்தோடும் இணைத்துக் காணும் மரபு இந்நிலத்துக்கு உண்டு. குற்றாலத்தின் சாரலை உடல்நலத்துக்கு உகந்ததெனக் கருதி ஐரோப்பியரும் நாடிவந்தனர். ஆயினும் 1809 முதல் 1811 வரை திருநெல்வேலிச் சீமை கொள்ளைக் காய்ச்சலால் பெரிதும் துன்புற்றது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் கம்பெனி மருத்துவராகப் பணியாற்றிய ஒயிட்லா எய்ன்ஸ்லியின் ஆய்வுமுறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

காய்ச்சல் அறிக்கை

கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய பகுதிகளில் பரவிய காய்ச்சலின் காரணங்களை ஆராயச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. எய்ன்ஸ்லி அதன் தலைவர். மருத்துவம், புவியியல், வேளாண்மை என மூன்று நோக்கிலும் அமைந்த அதன் அறிக்கை 1816இல் இலண்டனில் அச்சாயிற்று. நோயாளியின் உடலோடு நில்லாமல் நிலம், நீர், பயிர் ஆகியவற்றையும் நோய்க்காரணத்தோடு சேர்த்து நோக்கியமை அதன் சிறப்பு. எனினும், சதுப்பு நிலத்து நச்சுக்காற்றே காய்ச்சலை விளைவிக்கும் என்பதே அக்கால ஐரோப்பிய மருத்துவக் கோட்பாடு. மலேரியா ஒட்டுண்ணியை லாவரன் கண்டது 1880இல். கொசுவுக்கும் அதற்குமுள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல். எனவே மெய்யான காரணத்தை அறியும் வழி அக்குழுவுக்கு இருக்கவில்லை.

மருந்துப் பதிவு

எய்ன்ஸ்லியின் மருந்துநூல் 1813இல் சென்னையில் வெளிவந்தது. அதன் விரிவாக்கமான ‘மெட்டீரியா இண்டிகா’ 1826இல் இரு தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. இந்நூல் மருந்துப்பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர்களைத் தருகிறது. தமிழ் வைத்தியர்கள் எந்நோய்க்கு எதனைக் கொடுத்தனர் என்பதையும் கூறுகிறது. வைத்தியர்களின் மருந்தளவைப் பல இடங்களில் வராகனெடையிலேயே குறிக்கிறது. தமிழ் மருத்துவ நூல்களின் பட்டியலும் இதில் உண்டு. பெயர், பயன்படும் உறுப்பு, அளவு, நோய் என ஒழுங்குபடுத்தப்பட்டமையால் இப்பதிவுகளைப் பிற்காலத்தார் மீண்டும் சோதித்தறிய இயலும்.

இருவகைக் குறைகள்

முதலாவது, வைத்தியரின் வழக்கத்தைக் கூறுவதும் மருந்தின் பயனை நிறுவுவதும் வெவ்வேறானவை. மருந்துண்டோரையும் உண்ணாதோரையும் எண்ணி ஒப்பிடும் முறை இந்நூலில் இல்லை. ஆகவே இந்நூல் கூறுவதைக் கொண்டு ஒரு மருந்து நோய் தீர்க்கும் என இன்று வாதிடுதல் பொருந்தாது. இரண்டாவது, அறிவை வழங்கியோர் ‘வைத்தியர்’ என்னும் பொதுச்சொல்லுக்குள் மறைந்துள்ளனர். ஊர், குருமரபு, ஏட்டுச்சுவடி ஆகியவற்றோடு அவர்களைத் தொடர்புபடுத்த இயலாமை தமிழ் மருத்துவ வரலாற்றுக்குப் பேரிழப்பாகும்.

முடிவுரை

எய்ன்ஸ்லியின் காலத்துக் காரணக் கோட்பாடு வீழ்ந்தது. அவர் பொறுமையுடன் செய்த பதிவு நிலைத்தது. அப்பதிவை மருந்துக்குச் சான்றாகக் கொள்வதினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய மருத்துவச் சொற்களுக்கும் நடைமுறைக்கும் சான்றாகக் கொள்வதே தகும். அதிலுள்ள தமிழ்ப் பெயர்களைத் தென்பகுதிச் சுவடிகளோடு ஒப்பிட்டாராய்வது, பெயரின்றி மறைந்த வைத்தியர்களின் அறிவை மீட்பதற்கான முதற்படியாகும்.