உடல்நீரும் உள்ளக் களிப்பும்

ஒருவர் சிறிது நேரம் உள்ளம் மலர்ந்திருப்பதை ஆங்கிலேயர் ‘இன் குட் ஹியூமர்’ என்பர். இதனை ‘நல்ல நகைச்சுவையில் இருக்கிறார்’ என்று மொழிபெயர்க்கும் மாணவனைப் பெரிதும் கடிந்துகொள்வதற்கில்லை; அகராதியில் அவன் முதலிற் காணும் பொருள் அதுவே. ஆயின் இத்தொடர் உருவானபோது ‘ஹியூமர்’ நகைச்சுவையைக் குறிக்கவில்லை.

அதன் இலத்தீன் மூலச்சொல்லுக்கு ஈரம் என்பது பொருள். இப்போகிரேட்டசின் மருமகனான பொலிபசு இயற்றியதாகக் கருதப்படும் பழைய கிரேக்க மருத்துவ நூலொன்று, உடலில் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நால்வகை நீர் உண்டு என்றது. அவை அளவொத்து நின்றால் நலம். மிகினும் குறையினும் நோய். கி.பி. 129-இல் பிறந்த கேலன் இக்கொள்கையை வளர்த்தார். குருதி மிகுந்தவன் களிப்புடையவன், கரும்பித்தம் மிகுந்தவன் துயரில் ஆழ்பவன் என மனவியல்பும் இந்நீர்களின்மேல் ஏற்றப்பட்டது. வளி, பித்தம், ஐயம் என்னும் மூன்றை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று. குறளின் ‘மருந்து’ அதிகாரமும் மிகுதலும் குறைதலும் நோய் செய்யும் என்றே தொடங்குகிறது. ‘பித்து’ என்னும் நம் சொல்லும் உடலினின்று உள்ளத்துக்கு ஏறியதுதானே!

நீர் ஏறும், இறங்கும். ஆதலின் ‘ஹியூமர்’ நிலைத்த இயல்பை மட்டுமன்றி, அவ்வப்போது மாறும் மனப்போக்கையும் குறிக்கலாயிற்று. நற்போக்கு ‘குட் ஹியூமர்’ ஆனது. அது நெடுநாள் நிற்பதன்று.

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் இச்சொல் நாகரிகப் பேச்சாகிவிட்டது. பென் ஜான்சன் இதனையே தலைப்பில் வைத்து எழுதிய ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்’ 1598-இல் மேடையேறியது. நடித்தோர் பட்டியலில் ஷேக்ஸ்பியர் பெயரும் உண்டு. தொப்பியில் வண்ண இறகு செருகியவனெல்லாம் அதனைத் தன் ‘ஹியூமர்’ என்று சொல்லித் திரிவதை, அடுத்த நாடகத்தின் முன்னுரைக் காட்சியில் ஜான்சன் எள்ளினார். விந்தை மனப்போக்கினரைக் கண்டு அவையோர் சிரித்தனர். சொல்லும் மெல்லச் சிரிப்பின் பக்கம் சாய்ந்தது.

1628-இல் ஹார்வி குருதிச் சுற்றோட்டத்தை விளக்கினார். 1858-இல் விர்சோ நோயின் இருப்பிடம் உயிரணுவே என்றார். நால்நீர்க் கொள்கை மருத்துவத்தை விட்டகன்றது, ஆங்கிலத்தை விட்டகலவில்லை. களிப்புடையோனைக் குறிக்கும் ‘சாங்குவின்’ என்னும் சொல்லில் குருதியும், துயரைக் குறிக்கும் ‘மெலங்கலி’யில் கரும்பித்தமும் இன்றும் உள்ளன.