தனித்துப் போடப்பட்ட நாற்காலி: அமெரிக்க விஞ்ஞானக் கல்வியில் கறுப்பின மாணவர்

1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஒக்லஹோமா சர்வகலாசாலையில் கல்வியியல் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வந்த ஜார்ஜ் மக்லாரின் என்னும் கறுப்பினத்தவர், முதுகலைப் பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலில் நெடுநாள் பழகியவராயிருந்தும், மற்ற மாணவரோடு வகுப்பறைக்குள் அமர அனுமதிக்கப்படவில்லை. வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. ஆசிரியர் பேசுவதை அவர் அங்கிருந்தே கேட்க வேண்டும். நூல்நிலையத்தில் அவருக்கென ஒதுக்கிய மேஜையை விட்டு வேறிடத்தில் அமரலாகாது. சிற்றுண்டிச்சாலையிலோ, பிறர் உண்ணாத நேரத்தில் தனி மேஜையில்தான் உண்ண வேண்டும். இந்த ஏற்பாட்டை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1950 ஜூன் மாதம் சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, பாடத்தைக் காதால் கேட்பது மட்டும் கல்வியாகிவிடாது என்றும், உடன் பயில்வோரோடு விவாதித்துக் கருத்தைப் பரிமாறிக்கொள்வதும் கல்வியின் அங்கமே என்றும் காரணம் கூறியது.

அந்நாட்டு உயர்கல்வியில் வெள்ளையரல்லாத மாணவரின் சரித்திரத்தை எழுதுவோர், எந்தச் சட்டத்தால் எந்த வாயில் எப்போது திறந்தது என்னும் கேள்வியையே பெரும்பாலும் தொடர்கின்றனர். அது அவசியமான சரித்திரமே. ஆனால் வாயிலைக் கடந்து உள்ளே சென்றவர் யாரோடு அமர்ந்து படித்தார் என்னும் கேள்வி அதைக் காட்டிலும் ஆழமானது என்பது என் துணிபு. விஞ்ஞானக் கல்வியைப் பொறுத்தமட்டில் இது இன்னும் மெய்யாகும். ஏனெனில் பௌதிகத்தையும் கணிதத்தையும் நூலில் மட்டும் கற்றவர் எவருமிலர். ஆய்வுக்கூடத்திலும், கரும்பலகையின் முன்னும், உணவு மேஜையிலும் பிறரோடு தர்க்கித்தே அவை கைவசமாகின்றன.

இந்தத் தனிமையின் கதை மக்லாரினுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. நியூ ஹேவனில் 1852-இல் பிறந்த எட்வர்டு புஷே, 1876-இல் யேல் சர்வகலாசாலையில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அன்றைக்கு அந்தத் தேசம் முழுவதிலும் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தகைய மேதைக்கு எந்தச் சர்வகலாசாலையும் ஆசனம் தரவில்லை. பிலடெல்பியாவில் கறுப்பினச் சிறாருக்கென நடந்த ஒரு பள்ளியில் 26 ஆண்டுகள் அவர் ஆசிரியராயிருந்தார். அங்கு அவர் ஆற்றிய பணி மகத்தானது. எனினும் ஒளிவிலகலை ஆராய்ந்த அம்மனிதருக்கு ஓர் ஆய்வுக்கூடமும் ஆராய்ச்சித் துணைவரும் வாய்த்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்று எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கவே செய்கிறது.

அடுத்த தலைமுறைக்குப் புகலிடமாயிருந்தவை கறுப்பினத்தவருக்கென எழுந்த கலாசாலைகள். உள்நாட்டு யுத்தம் ஓய்ந்தபின் வாஷிங்டனில் 1867-இல் ஹோவர்டு சர்வகலாசாலை தோன்றிற்று. 1890-இல் நிறைவேறிய இரண்டாம் மாரில் சட்டம், மத்திய சர்க்காரின் பொருளுதவியைப் பெறும் மாகாணம் ஒவ்வொன்றும் தன் விவசாய, இயந்திரத் தொழிற் கலாசாலையில் நிறபேதமின்றி மாணவரைச் சேர்க்க வேண்டும், அன்றேல் கறுப்பினத்தவருக்குத் தனிக் கலாசாலை அமைக்க வேண்டும் என்று விதித்தது. தென்மாகாணங்கள் எவ்வழியைத் தேர்ந்தன என்று கூறவும் வேண்டுமோ? பிரித்துவைக்கும் நோக்கத்தோடு எழுந்த அக்கலாசாலைகள், பொருள் வளம் குன்றியவையாயினும், மாணவனை ஐயத்தோடு நோக்காத ஆசிரியரையும், தன்னைப் போன்ற நூறு பேர் ரசாயனம் பயிலும் காட்சியையும் அவனுக்கு அளித்தன. பிற்காலத்தில் லூயிஸியானாவின் சேவியர் சர்வகலாசாலை, தன்னைவிடப் பன்மடங்கு செல்வமும் மாணவர் தொகையும் உள்ள ஸ்தாபனங்களையும் விஞ்சி, கறுப்பின மாணவரை மருத்துவக் கல்லூரிகளுக்கு மிகுதியாக அனுப்பியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த வேலிக்கு வெளியே சென்றவர்களின் நிலை வேறு. ஹோவர்டில் உயிரியல் பேராசிரியராயிருந்த எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட், உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிச் செய்த ஆராய்ச்சிகளால் ஐரோப்பாவில் மதிக்கப்பட்டவர். 1916-இல் சிகாகோவில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், பல ஆண்டுகள் கோடைதோறும் உட்ஸ் ஹோல் கடல்உயிரியல் நிலையத்தில் பணியாற்றியும், தம் தாய்நாட்டின் பெரும் ஆராய்ச்சி ஸ்தாபனம் ஒன்றிலும் பதவி பெறவில்லை. நேப்பிள்ஸ், பெர்லின், பிரான்ஸ் என்று அந்நிய மண்ணில் துணை தேடினார். கணித மேதை டேவிட் பிளாக்வெல் 22-ஆம் வயதில், 1941-இல், இல்லினாய்ஸில் டாக்டர் பட்டம் பெற்றுப் பிரின்ஸ்டனிலுள்ள உயராய்வு நிலையத்துக்குச் சென்றபோது, நிலையத்தின் அங்கத்தினருக்கு வழக்கமாகத் தரும் கௌரவத்தை அவருக்கும் தர அவ்வூர்ச் சர்வகலாசாலை தயங்கிற்று. பெர்க்லியில் அவரை நியமிக்கும் யோசனையும் நிறத்தின் காரணமாய் அப்போது கைவிடப்பட்டது. 1954-இல்தான் அவர் அங்கு சென்றார். புள்ளியியல் பயிலும் நம் நாட்டு மாணவர் ஒவ்வொருவரும் ராவ்–பிளாக்வெல் தேற்றத்தைக் கற்கின்றனர். கல்கத்தாவில் பணியாற்றிய சி. ஆர். ராவின் பெயரோடு பிரியாமல் இணைந்து நிற்கும் மற்றப் பெயர் இவருடையதே.

1950-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், 1954-இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டவிரோதம் என்று வந்த தீர்ப்பும், 1964-இன் சிவில் உரிமைச் சட்டமும், 1965-இன் உயர்கல்விச் சட்டமும் வாயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தன. அக்காலத்து உதவித் திட்டங்களில் பல, வரும் மாணவனிடம் ஏதோ குறை உள்ளது, அதை நிரப்பி அனுப்புவதே நம் கடமை என்னும் எண்ணத்திலிருந்து பிறந்தவை. ஆகவே விடுபட்ட பாடத்தை மீண்டும் சொல்லித்தரும் குறைநிரப்பு வகுப்புகள் பெருகின. நல்லெண்ணத்தால் எழுந்த அவ்வகுப்புகளே மாணவனை மறுபடியும் ஒரு சிற்றறைக்குள் அமர்த்தியதை அன்று அதிகம் பேர் உணரவில்லை.

உணர்ந்தவர்களுள் தலையாயவர் யூரி டிரைஸ்மன். 1970-களின் நடுவில், பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், முதலாண்டு நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர் பெருவாரியாகத் தவறுவதைக் கண்டு, காரணம் என்னவென்று ஆசிரியர்களை விசாரித்தார். ஊக்கமின்மை, பள்ளிப் பயிற்சியின் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று விடைகள் வந்தன. விடையளித்தோர் பகைவரல்லர், அனுதாபம் உடையவர்களே. ஆயினும் மாணவர்களை நேரில் ஆராய்ந்தபோது இவற்றில் ஒன்றும் தோல்வியை விளக்கவில்லை. நல்ல தேர்வு மதிப்பெண்களோடு வந்தவர்களும் தவறியிருந்தனர். பெற்றோர் பலர் பிள்ளையின் கல்விக்காக வாழ்நாளெல்லாம் பிரயத்தனப்பட்டவர்களாயிருந்தனர். எனவே அவர் இருபது கறுப்பின மாணவரையும் இருபது சீன மரபினரான மாணவரையும் தேர்ந்து, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை அவர்களுடைய அறைகளிலும் நூல்நிலையத்திலும் மாதக் கணக்காகக் கூர்ந்து கவனித்தார்.

கண்டது எளிமையானது, எளிமையானதாயிருந்ததாலேயே அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை போலும். சீன மாணவர் முதலில் தனியே கணக்குகளைப் போட்டுப் பார்த்து, மாலையில் ஒன்றுகூடி, உண்டவாறே விடைகளை ஒப்பிட்டு, ஒருவர் தவறை ஒருவர் திருத்தி, பழைய வினாத்தாள்களைக் கொண்டு ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டனர். கறுப்பின மாணவரோ, வாரந்தோறும் விதித்த மணி நேரம் தவறாமல் உழைத்தனர். வீட்டுக்கணக்கைக் காலத்தில் ஒப்படைத்தனர். ஆனால் ஏறக்குறைய எல்லோரும் தனியாகவே படித்தனர். தோழமை ஒருபுறமும் படிப்பு ஒருபுறமுமாக அவர்களுடைய வாழ்வு பிரிந்திருந்தது. தங்கள் பள்ளியில் முதல் மாணவராய்த் திகழ, சுற்றியிருந்த இரைச்சலிலிருந்து விலகித் தனித்திருக்கக் கற்றவர்கள் அவர்கள். பெர்க்லி வரை அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்த நற்பழக்கமே அங்கே அவர்களை வீழ்த்திற்று. ஒரு கணக்கில் சறுக்கியபோது, அந்தச் சறுக்கல் அறையிலிருந்த அனைவருக்கும் பொதுவானது என்று அறிய வழியின்றி, அதைத் தம் அறிவின் எல்லையென்றே பலர் நம்பிவிட்டனர்.

டிரைஸ்மன் வகுத்த பரிகாரத்தில் குறைநிரப்பு வகுப்புக்கு இடமே இல்லை. கடினமான கணக்குகளைத் தேடித் தொகுத்து, மாணவரைக் கூட்டமாக அமர்த்தி, திறமையுடையோருக்கான சிறப்புப் பயிற்சி என்றே அதற்குப் பெயர் சூட்டினார். அவற்றில் பயின்ற கறுப்பின மாணவர் தேர்ச்சியில் பிறரை எட்டினர். சிலர் விஞ்சவும் செய்தனர். இம்முறை பின்னர் டெக்ஸஸ் முதலிய இடங்களுக்கும் பரவிற்று.

இதையே ஒரு ஸ்தாபனம் முழுவதன் வாழ்க்கை முறையாக்கியவர் பிரீமன் ஹ்ரபாவ்ஸ்கி. 1963-இல் பர்மிங்ஹாமில் நடந்த சிறுவர் ஊர்வலத்தில் கலந்துகொண்டு, பன்னிரண்டு வயதில் சிறை சென்றவர் அவர். மேரிலாண்டு சர்வகலாசாலையின் பால்டிமோர் கவுண்டிக் கிளையில், ராபர்ட் மேயர்ஹாப் என்னும் கொடையாளியின் உதவியோடு 1988-இல் அவர் தொடங்கிய திட்டத்தில், மறு ஆண்டு 19 கறுப்பின இளைஞர் முதல் குழுவாகச் சேர்ந்தனர். 1990-இல் பெண்களும் சேர்க்கப்பட்டனர். உபகாரச் சம்பளம் அத்திட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. கல்லூரி தொடங்குமுன் கோடையில் சேர்ந்து தங்கிப் படித்தல், முதலாண்டில் ஒரே விடுதியில் வசித்தல், குழுவாகப் பயிலுதல், இளமையிலேயே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து விஞ்ஞானிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தல் ஆகியவையே அதன் உயிர்நாடி. தேர்வில் வெறும் தேர்ச்சி அங்கே போதியதாகக் கருதப்படவில்லை. அனைவரும் டாக்டர் பட்டத்தை நோக்கியே வளர்க்கப்பட்டனர். இடம் கிடைத்தும் வேறு சர்வகலாசாலைக்குச் சென்ற மாணவரோடு ஒப்பிட்டபோது, இத்திட்டத்தில் படித்தவர்கள் ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதியாக விஞ்ஞான ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்தது தெரியவந்தது. கொரோனா தடுப்பூசியின் ஆக்கத்தில் முக்கியப் பங்காற்றிய கிஸ்மெகியா கார்பெட் 2008-இல் இங்கே பட்டம் பெற்றவர்.

இடையில் சட்டம் மறுபடியும் குறுக்கிட்டது. கறுப்பினத்தவருக்கென மேரிலாண்டின் மற்றொரு கிளை வைத்திருந்த உபகாரச் சம்பளத்தை 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்ததை அடுத்து, மேயர்ஹாப் திட்டமும் 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் திறந்துவிடப்பட்டது. திட்டம் சிதையவில்லை, கூடிப் படிக்கும் மேஜையில் இன்னும் பலர் வந்து அமர்ந்தனர்.

2013-இல் பென்ஸில்வேனியா மாகாணச் சர்வகலாசாலையும், சேப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா சர்வகலாசாலையும் இம்முறையைத் தத்தம் இடத்தில் நிறுவின. கார்பெட் 2014-இல் டாக்டர் பட்டம் பெற்றது அந்தச் சேப்பல் ஹில்லில்தான். மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதலாகாது என்று 2023 ஜூன் 29-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தபோது, ஹார்வர்டோடு பிரதிவாதியாய் நின்றதும் அதே சேப்பல் ஹில்தான். யாரைச் சேர்ப்பது என்பதைப் பற்றியே அந்தத் தீர்ப்பு பேசிற்று. சேர்ந்தவர்கள் கோடையில் ஒரே அறையில் கூடி, எவரும் தனித்து விடப்படாமல் முதல் நுண்கணிதக் கணக்கைச் சேர்ந்து போடத் தொடங்கும் வழக்கத்தை அது தொடவில்லை.