கணினிப் பட்டம் நம் மாவட்டத்திலேயே!

"கம்ப்யூட்டர் படிக்கணும்னா கோலாலம்பூருக்குத்தான் போகணும்" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1965லேயே கணினி மையம் அமைந்தது. மறு வருஷம் தேசிய மின்சார வாரியத்துக்கு ஐ.பி.எம். 1401 இயந்திரம் வந்து இறங்கியது. ஆனால் அப்பல்கலைக்கழகத்தில் கணினிக்கென்று தனிப்புலம் கண்டது 1994இல்தான். ஏறத்தாழ முப்பது வருஷம் பாருங்கள்!

பிறகு காற்று மலாக்கா பக்கம் திரும்பியது. இன்றைய மல்டிமீடியா பல்கலைக்கழகம் 1996இல் இங்கே பிறந்தது. 2000 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமாகி 'யூ.டி.இ.எம்.' ஆயிற்று. அதன் தலைமை வளாகம் டுரியான் துங்கலில். லூபோக் சீனாவைப் போல அதுவும் அலோர் காஜா மாவட்டம்தானே!

அங்கே கணினி அறிவியல் ஒற்றைப் பட்டமல்ல. மென்பொருள் உருவாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு, கணினிப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு என்று கிளைகள் உண்டு. பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். எந்தக் கிளையில் ஏறினாலும் கணக்கு முன்னால் வந்து நிற்கும்.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், டிப்ளோமா எந்த வழியில் வந்தாலும் சரி, மனு யூ.பி.யூ. மூலம்தான் போகும். அதில் எந்தக் கிளையை முதலில் எழுதுவது என்பதை நீங்களே யோசித்து எழுதுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் எழுதியதைப் பார்த்து அல்ல.